மெமரி நிறைஞ்சுக்கிட்டே போன வெள்ளிக்கிழமை

யுத்தத்தோட கடைசி வருசம். ஒரு வியாழக்கிழமை காலையில பொலிஸ்காரங்க பஸ்ஸ மறிச்சு, என் வீட்டுக்காரர் செல்வத்த இறக்கிட்டாங்க. கொஞ்ச நாளைக்கு முந்தி அவர் பை தொலைஞ்சப்ப அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் எல்லாம் போயிருச்சு. தொலைஞ்சதுக்கு முறைப்பாடு எழுதின துண்டு மட்டும் வச்சிருந்தார். அது போதாதுன்னு, ஸ்டேஷனுக்குத் தேடிப்போன என்கிட்ட சொன்னாங்க.

"சனிக்கிழமைக்குள்ள பிறப்புப் பத்திரம் கொண்டு வாங்க. இல்லாட்டி கொழும்புக்கு அனுப்பிருவோம்."

அப்படிப் போன எங்க தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருத்தர் ரெண்டு வருசமா வரல.

பிறப்புப் பதிவெல்லாம் இருக்கிற அரசாங்கக் கச்சேரியில, பதிவு இலக்கம் இருந்தா உடனே பிரதி தரலாம், இல்லாட்டி ரெண்டு கிழமையாகும்னு சொன்னாங்க. செல்வம் கண்டிப் பக்கம் மடுல்கெல்லயில பிறந்தவர். இலக்கம் யாருக்குத் தெரியும்? ஆனா கண்டி டவுன்ல நான் டைப் பண்ற கம்யூனிகேஷன் கடையில அந்தப் பத்திரத்த ஒருதரம் ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன். அந்தக் கம்ப்யூட்டரோட ஹார்ட் டிஸ்க்தான் அதுக்கு முந்தின கிழமை பழுதாயிருந்துச்சு.

எனக்கு அழுகை வரல. பயம்கூட வரல. உடம்பு மரக்கட்டை மாதிரி இருந்துச்சு.

காணாமப்போன பைல்கள மீட்கிற புரோகிராம போட்டேன். பைல்கள் அகப்பட அகப்பட மெமரி நிறையும். முழுசா நிறைஞ்சா கம்ப்யூட்டர் அப்படியே நின்னுரும். மறுபடி முதல்லருந்து தேடணும். வியாழன் பின்னேரம் ஒருதரம் நின்னுச்சு. வெள்ளி காலையில இன்னொரு தரம்.

மூணாம் தரம் மத்தியானம். கடை முதலாளி நிஜாம் நானா ஜும்மா தொழுகைக்குப் போயிட்டார். மெமரி எவ்வளவுன்னு காட்டுற பெட்டிய மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன். எண்பது வீதம். எண்பத்தஞ்சு. ஜெபிக்கப் பாத்தேன், வார்த்தை இல்ல. "ஆண்டவரே, எனக்கு ஒன்னுமே தோணல"ன்னேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

கொஞ்ச நேரத்துல நானா தொப்பியோட உள்ள வந்தார். "எவ்வளவுல நிக்கிது?"

"தொண்ணூறு, நானா."

"நிப்பாட்டுங்க, தங்கச்சி." தன்னோட மெசினத் திறந்து மெமரித் துண்டு ரெண்டையும் கழட்டி என்னோடதுல போட்டார்.

"உங்க வேல நின்னுருமே?"

"பள்ளியில ஒங்கட மாப்புளக்கித்தான் துஆ கேட்டுட்டு வாறன். இப்ப கையக் கட்டிக்கிட்டு இரிக்கவா?"

திரும்பவும் முதல்லருந்து ஓட்டினோம். இந்தத் தரம் அறுபது வீதத்துக்கு மேல ஏறல. ரெண்டரை மணிக்கு அந்தப் படம் திறந்துச்சு. செல்வத்தோட பேர், அவங்க அப்பா பேர், பதிவு இலக்கம். உள்ளங்கையில எழுதிக்கிட்டு கச்சேரிக்கு ஓடினேன். மூடுறதுக்குள்ள பிரதி கிடைச்சுச்சு.

சனிக்கிழமை அதக் கொண்டு குடுத்ததும் அவர விட்டாங்க. வீட்டுல சோறு போட்டேன். சாப்பிட்டார். ஒரு மாசம் கழிச்சு கோயில்ல ஞாயிறு ஆராதனைப் பாட்டு நடக்கிறப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. நிறுத்த முடியல.

முன்னெல்லாம், காணாமப்போன ஆளத் தேடி மனு எழுத கடைக்கு வர்றவங்களுக்கு சொன்னத டைப் பண்ணி அனுப்பிருவேன். இப்ப முதல்ல உக்கார வைக்கிறேன். பேரக் கேட்டு ஜெபிக்கிறேன்.

நல்லா ஜெபிக்கத் தெரிஞ்சவங்க ஜெபத்த மட்டும்தான் ஆண்டவர் கேப்பார்னு நெனைச்சிருந்தேன். அப்படி இல்ல, சகோதரங்களே. மனசு மரத்துப்போய்க் கிடந்தா, மரத்துப்போச்சுன்னே அவர்கிட்ட சொல்லுங்க. மத்தத அவர் பாத்துக்குவார்.