தொட்டிக்கு ஆகாதது

அப்பா ஒரு காரியத்தில் இறங்கினால் வீடே கூட இறங்கியாக வேண்டும். கரமனையில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு கோபர் காஸ் தொட்டி வந்ததும் அப்படித்தான். அடுக்களைக் கழிவைக் கொட்டினால் வாயு வரும், அதிலேயே சமைக்கலாம் என்று ஏதோ வகுப்பில் கேட்டுவிட்டு வந்தவர், வீட்டிலிருந்த சிலிண்டரைச் சித்தப்பா வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஆளில்லாத அறையில் விசிறி சுற்றினாலே கொலைபாதகம் செய்ததுபோல் பார்ப்பவர். தொட்டி வந்தபிறகு கேட்கவே வேண்டாம்.

தொட்டிக்குத் தீனி போடுவது பத்து வயதான என் பொறுப்பு. காய்கறித் தோல், மீன் கழிவு, மிச்சச் சோறு எல்லாம் போகலாம். சோப்புத்தண்ணீரும் எலுமிச்சைத் தோலும் மட்டும் ஆகாது. புளிப்பு அதிகமானால் தீ பிடிக்காது. பள்ளிக்கூடப் பாடத்தைவிட இது எனக்கு நன்றாக மனப்பாடம். வாயு சேரச் சேர மேலே கவிழ்த்திருக்கும் டிரம் உயரும். ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளை நான். எவ்வளவு உயர்ந்தது என்று நாளுக்குப் பத்துமுறை ஓடிப் பார்ப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அக்கா பி.எட். படிக்க விண்ணப்பம் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பந்தம் கூடிவந்தால் படிப்பு எதற்கு என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க அக்கா, வெயிலுக்கு நல்லது என்று எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள். பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று அம்மாவுக்கு நிம்மதி.

வெள்ளிக்கிழமை அடுப்புத் தீ மஞ்சளாகிவிட்டது. சனிக்கிழமை டிரம் தாழ்ந்து கிடந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தீனி போதவில்லை போலும் என்று பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கெஞ்சி, அவர்கள் வீட்டுக் கழிவையும் ஒரு வாளி வாங்கிவந்து, உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வந்தவர்களிடம் அப்பா முதலில் பேசியது அக்காவைப் பற்றி அல்ல, தொட்டியைப் பற்றி. புகையில்லை, செலவில்லை என்று அவர் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பால் பாதிச் சூட்டில் நிற்க, அடுப்பு அணைந்தது. அம்மா தீக்குச்சியாகக் கிழித்துத் தள்ளினாள். அப்பா கொல்லைக்கு ஓடி, கழிவு போடும் குழாயில் கம்பை விட்டுக் கிளறினார். புளித்த நாற்றம் நேராக முன்னறைக்குப் போனது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள், சொல்லி அனுப்பவே இல்லை.

கார் போனபிறகு அப்பா மறுபடி கிளறினார். எலுமிச்சைத் தோல்கள் மேலே வந்தன, ஒன்றிரண்டல்ல. அப்பா என் பக்கம் திரும்பினார்.

“எட்டி, உள்ள என்னத்த போட்ட?”

“நான் போடல்லப்பா. சத்தியமாட்டு...”

சேச்சி வீட்டு வாளி நினைவுக்கு வந்தது. சத்தியம் பாதியில் நின்றுவிட்டது. அதற்குமேல் அப்பாவுக்குச் சாட்சி தேவைப்படவில்லை. கெண்டைக்காலில் கம்பு இரண்டு முறை விழுந்தது. வாசற்படியில் நின்ற அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அக்கா என் காலில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

“ரொம்ப வலிக்குதா மக்ளே?”

அவள் கண் கலங்கியிருந்தது. கல்யாணம் நின்றுபோன துக்கம் என்று நினைத்தேன். எனக்குத் தாங்கவில்லை. சேச்சி வீட்டு வாளியைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லி, உன் கல்யாணத்தைக் கெடுத்தவள் நான்தான் என்று அழுதேன். அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அழுதவள் எதற்கோ சிரிக்கவும் செய்தாள். பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துபோனேன்.

அவளைத் தேற்ற என்னிடம் இருந்தது ஒன்றுதான். அடுத்த முறை பெண் பார்க்க வரும்போது இராப்பகலாக நானே தொட்டிக்குக் காவல் இருப்பேன், ஒரு எலுமிச்சைத் தோலைக்கூட உள்ளே விடமாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். இந்த முறை முழுதாகச் சொல்லி முடித்தேன். அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.