அவளுக்கு வர வேண்டிய வசனம்

எங்கள் சபை நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறைக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் இருக்கிறது. வியாழக்கிழமை சாயங்காலம் வேத வாசிப்பு. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம் படிப்போம். பக்திதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதிகாரத்தைத் திறந்ததும் எல்லார் கண்ணும் செய்கிற முதல் வேலை, தனக்கு எந்த வசனம் வரும் என்று எண்ணிப் பார்ப்பதுதான். வாயில் நுழையாத பெயர் வந்து தொலைத்தால் ஒத்திகை பார்க்க வேண்டாமா?

எனக்கு முன்னால் படிப்பவள் என் ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. அவளைச் சபைக்குக் கூட்டிவந்தவளே நான்தான். அவள் ஞானஸ்நானம் எடுத்த கொஞ்ச நாளில் என் அம்மா இறந்துபோனாள். அம்மா கடைசிவரை மாரியம்மனைக் கும்பிட்டவள். சடங்குகளில் கலக்கக் கூடாது என்று புது விசுவாசிகளுக்கான சீஷத்துவ வகுப்பில் சொன்னதை இவள் அப்படியே பிடித்துக்கொண்டு, சாவுக்கு வரவில்லை. வீட்டில் முழங்காலில் நின்று எனக்காக ஜெபித்தாளாம். சடங்கு செய்யவா கூப்பிட்டேன்? என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு வாய் அழ எந்த வேதம் தடுத்தது?

அதோடு பேச்சு நின்றது. நேரில் பார்த்தால் வணக்கமாக ஒரு ஸ்தோத்திரம் மட்டும் உண்டு, அதுவும் சொல்லாவிட்டால் சபையே திரும்பிப் பார்க்கும். முன்பு "ஸ்தோத்திரமுங்க அக்கா" என்றவள் "ஸ்தோத்திரமுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன். இடம் மாறி உட்கார்ந்தால் தோற்றதாகிவிடும் என்று இருவருமே நகரவில்லை. மனக்கசப்போடு திருவிருந்து எடுக்கக் கூடாதென்று இருவருமே அப்பத்தைத் தொடுவதில்லை. போதகர் பேசிப் பார்த்தார். அவள்தான் முதலில் வாய் திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு வியாழன். காணிக்கை கொண்டுவந்த இடத்தில், உன்மேல் ஒருவனுக்குக் குறை இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிற பகுதி வந்தது. எண்ணினேன். 'போய் முதலில் சமாதானமாகு' என்கிற வசனம் சரியாக அவளுக்கு. மாட்டினாயா என்று உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஆண்டவர் ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார் என்று சம்மணத்தைச் சரிசெய்துகொண்டேன்.

வாசிப்பு எங்களை நெருங்கும்போது, அவளுக்கு முன்னால் இருந்த பெண்ணின் குழந்தை வீறிட்டது. அந்தப் பெண் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஓர் ஆள் குறைந்ததில் கணக்கு மாறிவிட்டது. ஓரகத்தி அதற்கு முந்தின வசனத்தைப் படித்து முடித்தாள். அந்த வசனம் எனக்கு வந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எல்லாரும் காத்திருந்தார்கள். அவளும் எண்ணித்தானே வைத்திருப்பாள்? மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அது எனக்கு வரவேண்டிய வசனமுங்க. அம்மா சாவுக்கு நான் வந்திருக்கோணுமுங்க."

அந்த 'அக்கா'வைக் கேட்டதும் என் வீம்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "வா சாமி" என்று இரண்டு கையையும் நீட்டினேன். சாவு வீட்டுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தவளைப் போல, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அம்மாவைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். போதகர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வசனத்தை அன்று யாரும் படிக்கவில்லை.