முப்பத்தெட்டு ஃபைலும் ஒரு வரியும்

போன திங்கட்கிழமை காலை 9.10-க்கு என் பெருமை ஒரே வரியில் முடிந்துபோனது. வேலை போகவில்லை, பதற வேண்டாம். பெருமை மட்டும்தான்.

ஒரகடத்தில் நான் கணினிப் பிரிவில் இருக்கும் தொழிற்சாலையில் நான்கு உற்பத்தி லைன்கள், முப்பத்தெட்டு கம்ப்யூட்டர்கள். ஆபரேட்டர் திறந்ததும் அவர் லைனில் செய்யும் பாகத்தின் டிராயிங் சர்வரிலிருந்து தானாக வந்து நிற்க வேண்டும். எது எந்த ஃபோல்டரை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனி ஃபைல் எழுதி வைத்திருந்தேன். நோட்டில் அட்டவணையும் உண்டு... ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு. லைனை மாற்றி அமைத்தால் எனக்கு இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். சுகமாக இருக்கும்.

போன வருஷம் தூத்துக்குடியிலிருந்து வந்து எங்கள் பிரிவில் சேர்ந்த ஸ்டெல்லா அந்த நோட்டை வாங்கிப் போனார். திங்களன்று தான் செய்து வைத்திருந்ததை மேனேஜரிடம் காட்டினார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதன் லைன் எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தார். என்விரான்மென்ட் வேரியபிள் என்பார்கள். மற்றபடி எல்லாவற்றுக்கும் ஒரே ஃபைல், ஒரே வரி: உன் லைன் எண் எதுவோ அந்த ஃபோல்டரை எடு.

ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டில் நின்று, நீ குன்றத்தூர் போ, நீ பென்னலூர் போ என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் மாதிரிதான் நான் இருந்தேன். ‘அவரவர் வீட்டுக்குப் போங்க’ என்று சொல்லிவிட்டார் ஸ்டெல்லா.

வடக்குப்பட்டில் வரப்போகும் புது யூனிட்டுக்கு யார் பொறுப்பு என்று அந்த வாரம்தான் முடிவு. பன்னிரண்டு வருஷ சர்வீஸ் எனக்கு. சும்மா இருப்பேனா? மூன்று நாள் டீ நேரத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் திறந்து பார்த்தேன். தப்பு கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்ட ஒரே இன்ஸ்பெக்டர் நானாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை, நான் இன்னும் எட்டாத, அன்று காலைதான் புது ஃபைலுக்கு மாறிய மூன்றாவது லைனிலிருந்து சூப்பர்வைசர் தாஸ் போன் செய்தார். “இன்னா சார் இது... ரெண்டாவது லைன் டிராயிங் வந்துகினு கீது. லைனை நிறுத்திட்டேன்.”

ஓடினேன். பதினேழாம் நம்பர் கம்ப்யூட்டர். 3 இருக்க வேண்டிய இடத்தில் 2. மாற்ற ஒரு நிமிஷம் ஆகும். நான் மாற்றவில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் மீட்டிங்கில் இருந்தார். காத்திருந்தேன், சந்தோஷமாக.

இருபத்தைந்து நிமிஷம் கழித்து ஸ்டெல்லாவையும் கூப்பிட்டார்கள். போட்டோவைப் பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து முதலில் எண்ணைச் சரிசெய்தார். தாஸுக்குப் போன் செய்து லைனை ஓட்டச் சொன்னார். பிறகுதான் என்னிடம் பேசினார்.

“ஒங்க நோட்டுல ரெண்டுன்னு இருந்துச்சு சார். அப்படியே போட்டுட்டேன். நான் போய்ப் பாத்திருக்கணும்.”

போன மாதம் அந்தக் கம்ப்யூட்டரை மூன்றாவது லைனுக்கு மாற்றியபோது ஃபைலைத் திருத்தியவன், நோட்டைத் திருத்த மறந்திருக்கிறேன். நான்!

மேனேஜர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். “பார்த்தவுடனே மாத்தியிருக்கலாமே சார்?”

அடுத்தவர் தப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நமக்கு மணி தெரிவதில்லை.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. வடக்குப்பட்டு யூனிட் ஸ்டெல்லாவுக்கு. கை கொடுத்து வாழ்த்துச் சொன்னேன்.

மனதாரச் சொன்னேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.