எஸ்தோனிய டீசல், லாத்வியப் பனி

எல்லைக் கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போதே மற்ற ஓட்டுநர்களின் கை விசைக்குப் போய்விடும். பனி தள்ளும் இரும்புப் பலகை மேலே எழும்பும். வண்டியை முன்னும் பின்னுமாக நாலு தடவை எடுத்து, யார் வீட்டு வேலியையும் உரசாமல் திருப்பிக்கொண்டு வருவார்கள். ஒப்பந்தம் அதுவரைதான். ஹெல்துர் கொய்வ் மட்டும் விசையைத் தொடுவதில்லை. அந்த நேரத்தில் அவருடைய வலது கையில் சாக்லெட் பூசிய தயிர்க்கட்டி ஒன்று பாதி கடித்த நிலையில் இருக்கும். பலகை தரையைச் சுரண்டிக்கொண்டே கோட்டைக் கடக்கும். எஸ்தோனியாவில் கிளம்பிய பனி லாத்வியாவில் போய் ஓரமாக ஒதுங்கும்.

ஊர் ஒன்று, நாடு இரண்டு. இந்தப் பக்கத்துப் பெயருக்கும் அந்தப் பக்கத்துப் பெயருக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அதுவும் கிடையாது, இரண்டுமே வல்கா. சம்பளம் எங்கள் எஸ்தோனியப் பக்கம் அதிகம், பீர் அந்தப் பக்கம் மலிவு. எனவே காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் ஊர் நடக்கிறது. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பனி தள்ளும் சிறு நிறுவனம் ஒன்றில் வண்டிகளை அனுப்பும் மேசையில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். ஹெல்துரைப் பார்க்காத குளிர்காலக் காலை எனக்கு ஒன்றுகூட இல்லை.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. கழுத்தே இல்லாத மாதிரி உடம்பு. காதுமடல் மட்டும் குழந்தையினுடையதைப்போலச் சிவந்திருக்கும். பணிமனைக்குள் நுழையும்போதே அன்றைய பனிக்குப் பெயர் வைத்துவிடுவார். "இன்னிக்கு மாவு. ஊதினாலே போயிடும்" என்றால் சந்தோஷமாக இருக்கிறார். "சர்க்கரை" என்றால் பரவாயில்லை. "கஞ்சி விழுந்திருக்குப்பா" என்றால் அன்று அவரிடம் யாரும் வாய்கொடுக்க மாட்டோம். கோடையில் இதே வண்டியில் சாலையோரப் புல் வெட்டுவார். அது அவருக்குப் பிடிக்காது. "புல்லு நம்மள மதிக்கிறதில்ல. வெட்டினா மறுபடி அங்கயே வருது" என்பார். அடுத்த பனியும் அங்கேயேதான் விழுகிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "அது வேற பனி" என்றார்.

வண்டியின் வெயில் தடுப்பானுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் அவருடைய பாஸ்போர்ட் இருக்கும். காலாவதியானால் உடனே புதுப்பித்துவிடுவார். பாஸ்போர்ட்டைப் பார்க்க அங்கே இன்று ஆள் கிடையாது. எல்லைச் சாவடியின் கூரையைப் பிரித்தே பல வருடமாகிறது. கேட்டால் சிரிப்பார். டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி பணிமனைக்கு ஏலக்காய் மணக்கும் பெரிய முறுக்கு ரொட்டி ஒன்று வாங்கி வருவார். அன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. எல்லைத் தடுப்பை எடுத்த நாள் அது என்று காலண்டரைப் பார்த்தால் தெரியும். ஆனால் அவர் சொல்ல மாட்டார்; துண்டு போட்டுக் கொடுத்துவிட்டுக் கத்தியைத் துடைத்து வைப்பார்.

கோட்டைத் தாண்டும் சங்கதி ஓட்டுநர்களுக்குள் பழைய கேலி. ஊலோ என்பவர்தான் அதிகம் சீண்டுவார்.

"ஹெல்துர், போறது போறே, அப்படியே ரீகாவரைக்கும் ஒரு வழி போட்டுடு. என் பொண்ணு அங்கதான் குடியிருக்கா."

"டீசல் நீ போடு, நான் போடறேன்."

நோய் பரவிய அந்த வசந்தத்தில் இரண்டு மாதம் மறுபடியும் தடுப்பு வந்தது. பனிக்காலம் முடிந்திருந்ததால் வண்டிக்கு அங்கே வேலையில்லை. ஹெல்துர் மட்டும் சாயங்காலங்களில் நடந்துபோய், எல்லையில் கட்டியிருந்த தடுப்பு நாடாவுக்கு இந்தப்பக்கம் நிற்பார். அந்தப்பக்கம் ஓர் உயரமான கிழவர் தடியோடு வந்து நிற்பார். இருவரும் கால்மணி நேரம் ஏதோ கத்திப் பேசிவிட்டுப் பிரிவார்கள். அந்தக் கிழவர் யாரென்று அப்போது நான் கேட்கவில்லை.

போன குளிர்காலத்துக்கு முந்தின இலையுதிர்காலத்தில் எங்கள் நிறுவனத்துக்கு மெர்லே என்ற புதிய நிர்வாகி வந்தார். முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரர், நியாயமானவரும்கூட. வண்டிகளிலெல்லாம் இடங்காட்டும் கருவி பொருத்தினார். என் மேசைமேல் ஒரு திரை வந்தது. ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. ஹெல்துரின் புள்ளி மட்டும் நிறம் பூசிய வரைபடத்தைத் தாண்டி, வெறும் சாம்பல் நிறப் பகுதிக்குள் போய் நின்று, திரும்பி வந்தது. ஜனவரிக்குள் பதினேழு தடவை.

மெர்லே அவரைக் கூப்பிட்டார். நானும் அறையில்தான் இருந்தேன்.

"ஹெல்துர், கோட்டத் தாண்டி முந்நூத்தி நாப்பது மீட்டர் போறீங்க. எஸ்தோனிய டீசல்ல லாத்வியப் பனியத் தள்ளுறீங்க. நகராட்சி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"விசை மக்கர் பண்ணுது. பலகை தூக்க மாட்டேங்குது."

"விசை போன வாரம்தான் புதுசு போட்டோம்."

ஹெல்துர் தன் பூட்ஸைப் பார்த்தார். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்லும் ஒருவரை நான் பார்த்ததில்லை.

"காரணம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. நான் கேக்கறேன்" என்றார் மெர்லே. நிஜமாகவே கேட்கத் தயாராகத்தான் இருந்தார்.

"காரணம்னு ஒண்ணும் இல்ல."

"அப்ப எழுத்துல எச்சரிக்கை குடுத்துத்தான் ஆகணும். இன்னொரு தடவை போனா அந்தப் பாதைக்கு வேற ஆளு. அதுக்கும் மேல போனா வேலையே போயிடும். உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு."

"குடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பச்சைப் புள்ளி சாம்பல் நிறத்துக்குள் போயிற்று.

மெர்லேயிடம் அந்த வாரம் மட்டும் பொறுக்கச் சொல்லிவிட்டு, அன்று மாலையே ஹெல்துரின் வீட்டுக்குப் போனேன். அவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி விஸ்மா லாத்வியப் பக்கத்துப் பெண். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எச்சரிக்கைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கிட்டகூடச் சொல்லல பாருங்க" என்றார். "அவரு சொல்லவும் மாட்டாரு. அந்த மனுஷன் செஞ்சத ஒரு சாக்காச் சொல்லி வேலையக் காப்பாத்திக்கிறதா, அப்படீம்பாரு. உக்காருங்க, நான் சொல்றேன்."

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் ஜனவரி. அப்போது இந்த ஊரின் குறுக்கே வேலி இருந்தது. விஸ்மாவின் அப்பா ஷானிஸ், வேலிக்கு அந்தப்பக்கம் தனியாக இருந்தார். விஸ்மாவின் மாடி ஜன்னலிலிருந்து அப்பா வீட்டுப் புகைபோக்கி தெரியும். ஆனால் போவதென்றால் சாவடியைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர்.

"மூணு நாளாப் புயல். மத்தியானம் பாக்கறேன், அப்பா வீட்ல புகையக் காணோம். போன் அடிச்சா எடுக்கல. ரொம்ப நேரம் கழிச்சு எடுத்தாரு. அடுப்புக்கிட்ட விழுந்து கெடக்கறேன், எந்திரிக்க முடியல, ஒயரப் பிடிச்சு இழுத்துப் போன எடுத்தேங்கறாரு. குரலே இல்ல. வெளிய மைனஸ் இருபத்தியாறு. அந்தப்பக்கத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வருவோம், ஆனா தெருவெல்லாம் இடுப்பளவு பனி, எப்ப வருவோம்னு தெரியாதுன்னுட்டாங்க. நான் இவருக்கு அடிச்சேன்."

ஹெல்துர் வேலையிலிருந்தபடியே வண்டியைச் சாவடிக்குத் திருப்பினார். காவலர் கண்ணாடியைத் தட்டினார். வண்டிக்கு வெளிநாடு போகும் காகிதம் இல்லை. ஹெல்துரின் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில் இருந்தது. வண்டியை விட்டுவிட்டு நடந்துபோகக்கூட வழியில்லை. காவலர்மேல் தப்பில்லை என்று விஸ்மா இரண்டு தடவை சொன்னார். அந்தப் பையன் தன் கம்பளிக் கையுறையைக் கழற்றி ஹெல்துருக்குக் கொடுத்தானாம். ஹெல்துர் அவசரத்தில் வெறுங்கையோடு இறங்கியிருந்தார்.

அப்போது தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் ஒரு லாத்வியப் பனிவண்டி நின்றது. ஓட்டுநர் சாவடி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹெல்துர் அவரைப் பார்த்துக் கத்தினார். ஹெல்துரின் லாத்வியம் பதினான்கு வருடக் கல்யாணத்தில் சமையலறையில் கற்றது. ரொட்டி, அடுப்பு, உப்பு எல்லாம் சுத்தமாக வரும், மற்றதெல்லாம் தடுக்கும்.

"அடுப்பு அணைஞ்சுபோச்சு! கிழவர் கீழ! ரொட்டிக்கடைக்கு அடுத்த வீடு, பச்சைக் கதவு!"

"சாவி?"

"பால் பாத்திரத்துக்குள்ள!"

அந்த ஆள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெயர்கூடக் கேட்கவில்லை. டீயைப் பனியில் கொட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஹெல்துர் ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள், போகவில்லை. இருட்டிவிட்டது. கடைசியில் புயலுக்குள்ளிருந்து இரண்டு விளக்கு வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"உசுரோட இருக்காரு! இடுப்புதான் போச்சு. ஆஸ்பத்திரில போட்டுட்டேன். பூட்ஸக் கழட்டாம வீட்டுக்குள்ள வந்தேன்னு என்னைப் பிடிச்சுத் திட்டறாருய்யா!"

விஸ்மா சிரித்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாரு அப்பா. வேலிய எடுத்த அன்னிக்கு, எம்பத்துநாலு வயசுல, கம்ப ஊணிக்கிட்டு நேரா எங்க வீட்டுக்கு நடந்து வந்தாரு. முந்நூத்திப் பத்து அடின்னு எண்ணிக்கிட்டே வந்தாரு. எம் பையனுக்குச் சதுரங்கம் சொல்லிக் குடுத்தது அவருதான். ஆறு வருஷம். அந்த ஆளு எனக்குக் குடுத்தது."

அந்த ஆளின் பெயர் தாலிவால்டிஸ். எல்லை திறந்தபின் ஹெல்துர் தேடிப்போய்க் கண்டுபிடித்தார். கோட்டைத் தாண்டி நேரே முந்நூற்று நாற்பது மீட்டரில், தெரு முட்டும் இடத்தில் வீடு. நாடாவுக்கு அந்தப்பக்கம் தடியோடு நின்ற கிழவர் அவர்தான்.

மறுநாள் மெர்லேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"பூட்ஸுக்காகத் திட்டினாரா? அந்த நெலமைலயா?"

"திட்டியிருக்காரு."

திரையில் எல்லைக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "கோட்டுக்கிட்ட நம்ம வண்டி எப்படித் திரும்புது?" என்றார்.

"கஷ்டம்தான். நாலு தடவை முன்ன பின்ன எடுக்கணும். போன வருஷம் ஊலோ ஒரு வேலியச் சாச்சுட்டாரு."

"அந்தத் தெருக்கடைசில?"

"அங்க விசாலமா இருக்கு."

அன்று மாலை வேலைத்திட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'திரும்புமிடம்: எதிர்ப்பக்கத் தெருவின் முடிவு.' லாத்வியப் பக்கத்து நகராட்சிக்கு அனுமதி கேட்டு ஒரு கடிதமும் போயிற்று. "ஏப்ரல்ல பதில் வரும். அதுக்குள்ள பனி தானா உருகிடும்" என்றார் மெர்லே. எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. கோப்பிலிருந்து எடுத்துத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். ஹெல்துரிடம் புதிய தாளைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். "அப்ப இனிமே விசை ரிப்பேர் இல்ல" என்றார்.

திரும்புமிடத்தின் அகலத்தை அளந்துவரச் சொல்லி மெர்லே என்னை அனுப்பினார். விடிவதற்கு முன்பே ஹெல்துரோடு வண்டியில் போனேன். வழியில் தாலிவால்டிஸைப் பற்றிக் கேட்டேன். கிழவருக்கு எண்பத்திரண்டு வயது. சில வருடங்களுக்கு முன்னால் அவருக்கும் இடுப்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஹெல்துர் வண்டியைக் கண்டாலே ஜன்னலைத் திறந்து, "ஏய் எஸ்தோனியாக்காரா, உங்க ஊர்ப் பனிய இங்க கொட்டுறியே, சுங்கம் கட்டினியா?" என்பாராம்.

பனிவண்டி போனால் தெரு சுத்தமாகும். ஒவ்வொரு வாசலிலும் ஒதுக்கிய பனி முழங்கால் உயரத்துக்கு வரப்பாக நிற்கும். அதை அவரவர்தான் வெட்ட வேண்டும். ஆபரேஷன் ஆன வருடம் ஹெல்துர் மண்வாரியோடு இறங்கியிருக்கிறார். கிழவர் தடியால் ஜன்னலை அடித்தாராம்.

"கீழ போடுடா அத! முப்பத்தஞ்சு வருஷம் பனி தள்ளினவன் நான். என் வாசல இன்னொருத்தன் வந்து வெட்டினா ஊரு சிரிக்கும்!"

"அப்ப யாரு வெட்டறது இப்ப?" என்றேன்.

"அவரு வாசல்ல பனி கம்மியாத்தான் விழுதாம். காத்து அப்படியாம். பக்கத்து வீட்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றாரு" என்றார் ஹெல்துர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தெரு முடிவில் வண்டியை நிறுத்தினார். கிழவரின் ஜன்னல் இன்னும் இருட்டாக இருந்தது. நான் அளவுநாடாவோடு இறங்கினேன். ஹெல்துர் இருக்கைக்குப் பின்னாலிருந்து மண்வாரியையும் ஒரு துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு மறுபக்கம் இறங்கினார். கதவைச் சாத்தாமல் விட்டார்; வண்டிச் சத்தம் கிழவருக்குப் பழக்கம், கதவுச் சத்தம் கேட்டால் விழித்துவிடுவார். வாசலில் இருந்த வரப்பைச் சத்தமில்லாமல் வெட்டி எடுத்தார். உள்ளே வீட்டுப் படிவரை ஒரு பாதை போட்டார். முடித்ததும் திரும்பி நடக்கவில்லை. படிக்கு முதுகைக் காட்டாமல், ஓரடி பின்னால் வைத்து, குனிந்து, பனியில் பதிந்திருந்த தன் பூட்ஸ் தடத்தைத் துடைப்பத்தால் மெல்லக் கலைத்தார். இன்னோர் அடி, இன்னொரு தடம். அப்படியே பின்னோக்கி நடந்து, ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே, தெரு வரைக்கும் வந்து சேர்ந்தார்.