தராசுக்காரி வீட்டுக் கதவில் மீன்

அப்பா ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று துறைமுகத்தை நோக்கி நடக்கிறார். பைக்குள் மீன். தண்ணீர் சொட்டச் சொட்டப் போகிறது. பின்னால் நான் ஓடுகிறேன். கடல் காற்று என் இரண்டு காதையும் பிடித்துத் திருகுகிறது.

"அப்பா, நில்லுங்கப்பா! விஷயம் தெரியாம போய்ச் சண்டை கிண்டை போட்டுடாதீங்க!"

"யாருலா சண்டை போடப் போறா? திருப்பிக் கொடுத்துட்டு வரேன். அவ்வளவுதான்."

இது எங்கள் ஊர் லூபோக் சீனாவில் நடந்ததில்லை. ஐஸ்லாந்தில்!

போன வாரம் பத்தியைக் காணோமே, உடம்புக்கு என்ன என்று விசாரித்த ரெம்பியா ஊர் வாசகருக்கு இதுதான் பதில். உடம்புக்கு ஒன்றுமில்லை ஐயா. அப்பாவின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

அவர் ஏன் ஓடினார்? சொல்கிறேன்.

என் தங்கை யோகேஸ்வரியை இந்தப் பத்தியில் அவ்வப்போது பார்த்திருப்பீர்கள். எங்கள் குடும்பத்தில் யுனிவர்சிட்டி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆனால் நான் மிதித்த வாசல் பஸ் ஏறினால் வந்துவிடும். இவள் உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஐஸ்லாந்துக்கே போய்விட்டாள். கடலையும் கடற்கரையையும் மீன்வளத்தையும் எப்படிப் பராமரிப்பது என்பது படிப்பு. படித்து முடித்த கையோடு அங்கேயே ஒரு சின்ன மீனவ ஊரில் வேலையும் கிடைத்தது.

என்ன வேலை? துறைமுகத்தில் மீன் நிறுப்பது.

போனில் அதைக் கேட்ட அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே...

"மீன் நிறுக்கறதுக்கா அவ்வளவு தூரம் போனா? இங்க பசார்லயே நிறுக்கலாமே!"

அது அப்படிப்பட்ட வேலை இல்லை, அரசாங்க லைசன்ஸ் வாங்கிச் செய்கிற வேலை, அவள் நிறுத்து எழுதாமல் ஒரு மீன்கூடத் துறைமுகத்தை விட்டு வெளியே போக முடியாது என்று நானும் விளக்கிப் பார்த்தேன். அப்பா காதில் ஏறவில்லை. இந்த நிலைமையில்தான் அந்த வேலையை நிரந்தரமாக்குகிறோம், இருக்கிறாயா என்று துறைமுகத்தில் அவளைக் கேட்டார்கள். அம்மா, "போதும், வந்துடச் சொல்லுங்க" என்றார். யோகேஸ் ஒரே ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"அப்பா ஒரு தடவை வந்து பாருங்க. பாத்துட்டு 'வா'ன்னு சொன்னீங்கன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டு உங்ககூடவே வந்துடறேன். சத்தியமா."

சொன்னால் செய்கிறவள். அதனால்தான் எனக்குப் பயம். அப்பா வாயிலிருந்து வரப்போகும் ஒரு சொல்லில் அவள் இத்தனை வருஷம் படித்த படிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

நான் வேலை செய்யும் பத்து பெரண்டாம் ஊர்த் தொழிற்சாலையில் லீவு சொல்லி, சேமிப்பில் டிக்கெட் எடுத்து, அப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். அம்மாவுக்கு முட்டி வலி. அந்தக் குளிர் ஆகாது என்று வரவில்லை. அவருக்குப் பதிலாக அவர் அரைத்த மீன் மசாலா வந்தது.

ஊர் என்றால்... ஒரே ஒரு தெரு. பின்னால் சுவர் மாதிரி மலை. முன்னால் கடல். நடுவில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய்ச் சில வீடுகள், ஒரு சர்ச், ஒரு கடை, ஒரு நீச்சல் குளம். ஜூன் மாதம் என்பதால் சூரியன் தூங்கவே போகவில்லை. அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்கள் குடியிருப்பை நினைத்து, "நம்ம தாமான்ல பாதிகூட இல்லையே" என்றார். வீட்டுக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததைப் பார்த்ததும் மட்டும், "பரவால்ல, விவரமான ஆளுங்கதான்" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தால், யோகேஸ் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே வெட்டிச் சுத்தம் செய்த ஹாடாக் மீன்.

"குன்னர் மாட்டியிருப்பாரு" என்று அவள் சாதாரணமாக எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளும் பை. மறுபடியும் குன்னர்.

ஒரு அண்ணன் இந்த இடத்தில் என்ன நினைப்பான்? நானும் அதைத்தான் நினைத்தேன். அவள் வெங்காயம் நறுக்கும்போது பக்கத்தில் போய் மெதுவாக ஆரம்பித்தேன்.

"இந்த குன்னர்... எப்படிப்பட்ட ஆளு? என்ன வயசு இருக்கும்?"

"பேரன் ஸ்கூல் போறான் அண்ணே. பொண்டாட்டி ஸ்வெட்டர் பின்னுவாங்க, ரொம்ப நல்லவங்க. வேற ஏதாச்சும் விசாரணை இருக்கா, இல்ல வெங்காயம் நறுக்கறீங்களா?"

வெங்காயம் நறுக்கினேன். கண்ணீர் வந்தது வசதியாகப் போயிற்று.

ஆனால் அப்பா? குழம்பில் கிடந்த மீனைத் தொடவே இல்லை. வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். மீன் என்றால் தட்டையும் சேர்த்துச் சாப்பிடுகிற மனிதர்! யோகேஸ் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அதற்கடுத்த நாள் அவள் வேலையில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வாசலில் சரசரவென்று சத்தம். அப்பா கதவைத் திறந்தார். பை தொங்கியது. மாட்டியவர் தெரு முனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

"அந்த ஆளு என்ன வேலைடா பாக்கறாரு?"

"போட் வெச்சிருக்காருப்பா. மீன் பிடிக்கறவரு."

"அவரு புடிச்ச மீனை யாரு நிறுக்கறா?"

"யோகேஸ்தான்..."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அப்பா பையைக் கையில் எடுத்துவிட்டார்.

"இது டுயிட் கோப்பிதான்லா. காசாக் கொடுக்காம மீனாக் கொடுக்கறான். வேற என்னா?"

காப்பிக் காசு. நம் ஊரில் லஞ்சத்துக்கு எவ்வளவு மணமான பெயர்!

அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் சனங்கள் வெட்டிக்கொண்டு வரும் பாலைக் கணக்கெழுதும் கிராணிதான் நிறுப்பார். தராசு முள் கிராணி பக்கம் திரும்பியிருக்கும். 'தண்ணி கலந்திருக்கு' என்று அவர் கழிப்பதுதான் கழிவு. அவர் சொல்வதுதான் எடை. அதனால் பண்டிகை வந்தால் கிராணி வீட்டுப் பின்கதவில் ஒரு பை தொங்கும். முறுக்கு இருக்கும், பலாப்பழம் இருக்கும், சில சமயம் உள்ளே கோழியும் கத்தும். எங்கள் வீட்டுப் பையும் அங்கே தொங்கியிருக்கிறது. பிறகு அப்பா லோரி ஓட்டுநர் ஆனார். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போனால் அங்கேயும் ஒரு தராசு... லோரியோடு ஏறி நிற்க வேண்டிய தீம்பாங். அதிலும் நம்பர் கண்ணாடி அறைக்குள்தான் தெரியும்.

வாழ்க்கை முழுக்கத் தராசுக்கு இந்தப் பக்கம் நின்ற மனிதர். மகள் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது அவருக்குப் பிடிக்காமல் இல்லை. அவள் வீட்டுக் கதவில் பை தொங்குவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எம்மக கிராணி வேலை பாக்கலாம்டா. கிராணி மாதிரி ஆயிடக் கூடாது."

இப்போது புரிகிறதா அவர் ஏன் ஓடினார் என்று?

துறைமுகத்தில் குன்னர் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, ஆரஞ்சு நிற ரப்பர் உடுப்பு. அப்பா பையை நீட்டினார். "நோ. தேங்க் யூ. மை டாட்டர், நோ." அதற்கு மேல் இங்கிலீஷ் கைகொடுக்கவில்லை. "தாக் போலே!" என்று மலாயில் முடித்தார். கூடாதாம்.

குன்னர் பைக்குள் எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "மீன் நல்லா இல்லையா?" என்று என்னைக் கேட்டார். பாவம், இன்றைக்குப் பிடித்த மீனைக் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால் மீனவருக்கு எப்படி இருக்கும்? பிறகு சமாதானமாக, "காபி சாப்பிடுறீங்களா?" என்றார்.

காபி!

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். 'சொன்னேனா இல்லையா?' என்று கேட்டது அந்தப் பார்வை.

நல்ல வேளை, நிறுக்கும் அறையிலிருந்து யோகேஸ் ஓடி வந்துவிட்டாள். மஞ்சள் ஜாக்கெட், தலையில் கம்பளித் தொப்பி. விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு முகம். குன்னரிடம் அவர் பாஷையில் என்னவோ சொன்னாள். வளைந்து நெளிந்து ஓடும் அந்தப் பாஷை இவள் நாக்கில் அப்படிச் சரளமாக வந்தது. நானும் அப்பாவும் ஒரு நொடி சண்டையை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

குன்னர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அந்த ஊர் வழக்கம் அது. கடலுக்குப் போய் வருகிறவர் சமையல் பானைக்கு என்று கொஞ்சம் மீன் எடுத்து வைப்பார். அதையும் நிறுத்துக் கணக்கில் சேர்த்த பிறகுதான் எடுப்பார். டீச்சர் வீட்டுக் கதவில் ஒரு பை, நர்ஸ் வீட்டுக் கதவில் ஒரு பை, சர்ச்சில் பியானோ வாசிக்கும் அம்மா வீட்டில் ஒரு பை. கடையில் போய் மீன் வாங்குகிறவர் டூரிஸ்ட். கதவில் மீன் தொங்கினால் ஊர்க்காரர்.

"அப்புறம் உங்க மக இருக்காளே..." குன்னர் விரலை ஆட்டினார். "இந்தச் சின்னப் படகுக்கெல்லாம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம்னு சட்டம். கூடிப்போனா, கூடினதோட காசு எனக்கு இல்லை. போன திங்கள்கிழமை எனக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. கொஞ்சம்தான்! கண்டுக்காம விடும்மான்னு கேட்டேன். விட்டாளா? மறுபடியும் நிறுத்துக் காட்டி, அப்படியே எழுதிட்டா. வீட்டுக்குப் போய் இவளைத் திட்டினேன். மறுநாள் வந்து மீன் மாட்டினேன்."

"திட்டிட்டு ஏன் மாட்டினாரு?" அப்பா கேட்டார்.

நான் கேட்டுச் சொன்னேன்.

"எனக்கு எழுதினவ அடுத்த படகுக்காரனுக்கும் எழுதுவாள்ல? அப்ப நான் நிம்மதியாத் தூங்கலாம்."

அப்பா கையில் இன்னும் பை தொங்கிக்கொண்டிருந்தது. மகள் பக்கம் திரும்பி, அவளிடம் மட்டும் சொன்னார்.

"உன் கை சுத்தம்தான்மா. ஆனா தராசுகிட்ட உக்காந்திருக்கறவ, பாக்கறவன் கண்ணுக்கும் சுத்தமாத் தெரியணும்."

"தெரியும்ப்பா. அதுக்குத்தான் அது." அவள் கை நீட்டிய இடத்தைப் பார்த்தோம்.

நிறுக்கும் அறையின் வெளிச்சுவரில், படகிலிருந்து பார்த்தாலே தெரிகிற உயரத்தில், ஒரு பெரிய பெட்டி. அதில் சிவப்பு எழுத்தில் நம்பர். அப்போதுதான் இன்னொரு படகின் மீன் தொட்டியைத் தராசு மேடையில் இறக்கினார்கள். நம்பர் ஓடி நின்றது. யோகேஸ் தொட்டி எடையைக் கழித்தாள், ஐஸ் எடையைக் கழித்தாள். மீன்காரர் ஏறிட்டுப் பார்த்தார், தலையாட்டினார், போய்விட்டார். வாக்குவாதம் இல்லை. கெஞ்சல் இல்லை.

"நம்பரு வெளிய பாத்து இருக்கு..." என்றார் அப்பா, தனக்குத்தானே. அன்று மதியம் முழுக்கக் குளிரில் அங்கேயே நின்று, வந்த ஒவ்வொரு படகுக்கும் நம்பர் பார்த்தார். குன்னர் கொடுத்த காபியையும் குடித்தார். சாயங்காலம் அம்மாவின் மசாலா தடவி அந்த ஹாடாக்கை அவரே பொரித்தார். தட்டு மட்டும் மிஞ்சியது.

நாம் ஊர் சுற்றப் போகும்போது நம் ஊரையும் பெட்டிக்குள் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போகிறோம். நம் பயம், நம் சந்தேகம், நாம் பட்ட அடி எல்லாம் அதில் இருக்கும். துணிமணிக்கு ஒரு கிலோ கூடினால் ஏர்போர்ட்டில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். இதை மட்டும் யாரும் நிறுப்பதே இல்லை.

கிளம்புகிற நாள் வந்தது. அப்பா இன்னும் 'இரு' என்றும் சொல்லவில்லை, 'வா' என்றும் சொல்லவில்லை. யோகேஸ் கேட்கவும் இல்லை. அறை மூலையில் அவள் பெட்டி காலியாக, திறந்தபடி கிடந்தது.

விடைபெறத் துறைமுகத்துக்குப் போனோம். தராசு மேடை காலியாக இருந்தது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். திடீரென்று மேடைமேல் ஏறி, நட்டநடுவில், போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார்.

"என்னை நிறுமா."

"அப்பா! இது மீன் நிறுக்கறதுப்பா..."

"மீனு தின்ன உடம்புதான். நிறு."

யோகேஸ் சிரித்துக்கொண்டே அறைக்குள் போனாள். சிவப்பு நம்பர் ஓடி நின்றது. படகில் நின்ற குன்னர் கை தட்டினார். அப்பா தலையைத் திருப்பித் தன் எடையைத் தானே படித்தார்.

"இந்த ஜாக்கெட்டு, பூட்ஸ் எல்லாம் கழிக்கணுமே" என்றார்.

"எவ்வளவுப்பா கழிக்கட்டும்?" ஜன்னல் வழியாக அவள் கேட்டாள்.

"அதை ஏன் என்னைக் கேக்கறே? நீயே பாத்துக் கழி. நீதானே இங்க ஆபிசர்... இருந்து பாரு."

ஜன்னலுக்குள் அந்தக் கம்பளித் தொப்பி மேசைமேல் கவிழ்ந்தது. நானும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

அன்றைக்கே துறைமுக ஆபீசுக்குப் பதில் போய்விட்டது. இருக்கிறேன் என்று.

இந்தச் சனிக்கிழமை சும்மா அப்பாவின் லோரியில் ஏறி மில்லுக்குப் போயிருந்தேன். லோரி தீம்பாங்கில் ஏறியது. எப்போதும் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிற மனிதர், கீழே இறங்கிப் போய்க் கண்ணாடி ஜன்னலைத் தட்டினார்.

"என்னாண்ணே? நவுருங்க, பின்னால லோரி நிக்குது" என்றான் உள்ளே நிறுக்கிறவன்.

"நிக்கட்டும்லா. அந்த நம்பரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. எம்மக ஊர்ல அப்படித்தான்."