சுபுஹுக்குப் பிறகுதான் கிரேன்

1. அறுந்த ஸ்லிங்

குழாய்க் கட்டு ஆள் உயரத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தபோது, அதைத் தூக்கிய கம்பிக் கயிறு, அதாவது ஸ்லிங், அறுந்தது. காலை ஷிஃப்ட் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. திருவொற்றியூரில் ஒரு ஸ்டீல் யார்டில் கேன்ட்ரி கிரேன் ஆபரேட்டராக இருந்தேன். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வரும் இரும்புக் குழாய்களைத் தூக்கி அடுக்குவது என் வேலை. கீழே நின்று கட்டுக்கு ஸ்லிங் மாட்டி, எனக்குக் கையால் சிக்னல் கொடுப்பவர் கலாசி தேசிங்கு. காசிமேட்டு மீனவர் குடும்பம். கடலுக்குப் போகாமல் யார்டு வேலைக்கு வந்தவர். பல வருடங்களாக நான் மேலே, அவர் கீழே.

கம்பிக் கயிறு நைந்து கட்டு ஒரு பக்கம் சரிவதைக் கேபினிலிருந்து பார்த்தேன். ஹாரனை அழுத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்த நொடியில் குழாய்கள் கொட்டின. தூசி அடங்கியபோது தேசிங்கின் வலது கால் அவற்றுக்கு அடியில் இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணை நடந்தது. கயிறு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்திருந்தது, வெளியே தெரியவில்லை, ஆபரேட்டர் மீது தவறு இல்லை என்று சொன்னார்கள். சூப்பர்வைசர் என் தோளில் தட்டி, “ஒரு வாரம் ரெஸ்ட் எடு பாய், அப்புறம் வந்து ஏறு” என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கேபின் ஏணியின் முதல் படியில் கை வைத்ததும் விரல்கள் ஆட ஆரம்பித்தன. ஆட்டம் நிற்கவில்லை. என்னை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள்.

2. மெஹருன்னிசா சொன்னது

அதற்கு முன்பு எனக்குக் காலைப் பொழுது என்று ஒன்று இருந்ததில்லை. ராயபுரத்தில் வீடு. அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுப்பேன். கண் திறந்ததும் கையில் போன். வெறும் வயிற்றில் டீ. ஓடிப் போய் பஸ். தொழுகை வெள்ளிக்கிழமையோடு சரி. விபத்துக்குப் பிறகு தூக்கமும் போனது. வண்ணாரப்பேட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். பிரஷர் ஏறியிருக்கிறது என்று மாத்திரை எழுதினார். “தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. எழுந்த உடனே மனசுக்குப் பிடிச்ச ஒரு காரியம் செய்யுங்க” என்றார். மனசுக்குப் பிடித்தது என்ன என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை.

என் மனைவி மெஹருன்னிசாதான் அன்று விடியும் முன்பு விளக்கைப் போட்டாள்.

“கொட்டக் கொட்ட முழிச்சிகினு மோட்டுவளைய பாத்துகினு படுத்துகினு கீறீங்க. தொழுகைக்கு பாங்கு சொல்லப் போறாங்க. அந்தப் பார்வைய பள்ளிவாசல்ல போயி பாருங்க. தூக்கந்தான் இல்லியே, இன்னா நஷ்டம்?”

கோபமாகத்தான் எழுந்து போனேன். பள்ளிவாசலின் தண்ணீர்த் தொட்டியான ஹவுஸ் ஓரத்தில் உட்கார்ந்து, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் ஒளு செய்யத் தண்ணீரில் கை வைத்தேன். அந்தக் குளிர்ச்சியில் விரல்களின் ஆட்டம் சற்று அடங்கியது. அதை அற்புதம் என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்தபோது, விபத்துக்குப் பிறகு முதன்முறையாக அழுதேன். பக்கத்தில் தொழுதவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதைக்காகவே மறுநாளும் போனேன். பிறகு அது பழகிவிட்டது.

போனைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுப்பது, பாங்குக்கு எழுவது, எல்லோரோடும் ஜமாத்தாக விடியல் தொழுகையான சுபுஹ், அதன்பின் குர்ஆனில் கொஞ்சம், அதன் தமிழ் அர்த்தத்தோடு. டாக்டரிடம் சொன்னபோது, “மாத்திரையையும் விடாதீங்க, இதையும் விடாதீங்க” என்றார்.

3. காசிமேட்டு வாசற்படி

தொழுகை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் காசிமேடு பக்கம் நடக்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தேசிங்கு வீட்டுக்கு வந்திருந்தார். ஏலத்துக்கு வந்த மீன் கூடைகளையும் ஐஸ் பெட்டிகளையும் தாண்டி அவர் தெருவுக்குள் போனேன். அவர் மனைவி செல்வி கதவருகில் நின்றார்.

“தப்பா எடுத்துக்காத பாய். அது யாரையும் பாக்க மாட்டேன்னுது. உன்னப் பாத்தா அந்தச் சத்தம் கேக்குதாம்.”

எனக்குப் புரிந்தது. எனக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

“பாக்க வேணாம்மா. இங்கயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன்.”

வாசற்படியில் உட்கார்ந்து மனதுக்குள் தஸ்பீஹ் ஓதினேன். அவருக்காக துஆ கேட்டேன். உள்ளே செல்வி அம்மன் படத்துக்கு விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும் வாசனை வந்தது. எழுந்து போய்விட்டேன். மறுநாளும் அப்படித்தான். மழை நாளிலும் போனேன். செல்வி முதலில் சங்கடப்பட்டார், பிறகு டீ கொடுத்தார். உள்ளேயிருந்து ஒரு வார்த்தை கூட வரவில்லை.

ஒருநாள் காலை உள்ளேயிருந்து தேசிங்கின் குரல் வந்தது.

“பாய், இன்னும் நீ கிரேன் ஏறலியாமே?”

“ஏற முடியலப்பா. கை ஆடுது.”

“என் எடத்துல எவன் நிக்கிறான்?”

“மணலி புதுநகர்லேர்ந்து பாபுன்னு ஒருத்தரு.”

“மேல?”

“காண்ட்ராக்ட்ல ஒரு ஆளு.”

“அவன் கீழ பாத்து ஓட்டுறானா?”

டீ கிளாஸைப் படியில் வைத்தேன். அவன் போன் பேசிக்கொண்டே ஓட்டுவதை ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். சூப்பர்வைசரிடம் சொல்லியும் பார்த்திருந்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“உள்ள வா” என்றார் தேசிங்கு.

போனேன். கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அன்னிக்கு நீ ஹாரன் அடிச்சே பாரு, அத்த கேட்டுத்தான் நான் பின்னால தாவுனேன். இல்லன்னா காலோட போயிருக்காது, ஆளே போயிருப்பேன். இத்த உன்னாண்ட சொல்லணும்னு தெனமும் நெனப்பேன். வாய் வராது. நீ கீழ பாத்து ஓட்டுறவன் பாய். போயி ஏறு. பாபுக்கும் புள்ளகுட்டி கீதுல்ல?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

4. மறுபடி மேலே

அன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். யார்டுக்குப் போய் பிஸ்மில்லாஹ் சொல்லி ஏணியில் கை வைத்தேன். கை ஆடியது. ஆடும் கையோடு ஒவ்வொரு படியாக ஏறினேன். மேலே போய்க் கதவைச் சாத்தி, மூச்சு சீராகும்வரை இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ரு செய்தேன். முதல் சில நாட்கள் காலி ஹூக்கை மட்டும் ஓட்டினேன். அப்புறம்தான் லோடு.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, பாபு மாட்டிய ஸ்லிங்கில், சோதித்ததற்கு அடையாளமான டெஸ்ட் டேக் இல்லை என்பதைக் கவனித்தேன். தூக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். டிரெய்லர்கள் கேட் வரை நின்றன. சூப்பர்வைசர் கீழேயிருந்து கத்தினார்.

“இன்னா பாய் பேஜாரு பண்றே? கயிறு நல்லாத்தான கீது!”

“நல்லாத்தான் இருக்கும் சார். செக் பண்ணிட்டுக் குடுங்க, தூக்குறேன்.”

முன்பென்றால் அவர் கத்தலுக்கு நானும் கத்தியிருப்பேன், அல்லது பயந்து தூக்கியிருப்பேன். அன்று இரண்டும் வரவில்லை. விடியும்போதே இறைவன் ஒருவனுக்கு முன்னால் தலையைத் தரையில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அதற்குப் பிறகு இவர் சத்தம் பெரிதாகத் தோன்றவில்லை.

கயிற்றைக் கழற்றிச் சோதித்தார்கள். நல்ல கயிறுதான். டேக் மட்டும்தான் விழுந்திருந்தது. சூப்பர்வைசர் ஏளனமாகச் சிரித்தார். நான் லோடைத் தூக்கினேன். சாப்பாட்டு நேரத்தில் பாபு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்த மீன் வறுவலில் பாதியை என் தட்டில் வைத்தார்.

5. இப்போது

ஓய்வு பெற்றுவிட்டேன். இளம் ஆபரேட்டர்கள் கேட்கும்போது நான் சொல்வது இதுதான்: தொழுதால் கயிறு அறாது என்று நினைக்காதீர்கள். கயிறு அறும். கயிற்றைப் பார்ப்பது உங்கள் வேலை. ஆனால் கயிற்றைப் பார்க்கக் கண் வேண்டும், நிறுத்து என்று சொல்ல நெஞ்சு வேண்டும். அவசரமாக எழுந்து ஓடி வருகிறவனிடம் இவை இரண்டும் இருக்காது. பள்ளியோ கோவிலோ சர்ச்சோ, நம்புகிற இடத்தில் முதலில் நின்றுவிட்டு வாருங்கள். பிறகு சாப்பிடுங்கள். பிறகு போனை எடுங்கள்.

நான் வேலையில் இருந்தபோதே, தேசிங்கு செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழகிய பிறகு, ஒருநாள் சுபுஹ் முடிந்து நான் பள்ளியிலிருந்து வெளியே வந்தேன். எதிர்ப்பக்கம் மூடிய கடை வாசலில், கம்பை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார். நெற்றியில் விபூதி. சட்டை முழுக்க வியர்வை.

“வூட்லேர்ந்து நடந்தே வந்தேன் பாய்” என்றார். “நீ தொழுது முடிக்கட்டும்னு நின்னுகினு இருந்தேன்.”