மருந்துக்கு முன் கைநாட்டு

இலங்கையில், மாத்தளை மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுக்க வந்தது அரசாங்கமும் இல்லை, கம்பெனியும் இல்லை. பல தேசங்களில் வேலை செய்த ஒரு வெளிநாட்டுச் சுகாதார சங்கம். நல்ல நோக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் சுற்றில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றிவிட்டுப் போனார்கள். முழுகாமல் இருந்த என் நாத்தனார் அன்றே சுருண்டு விழுந்தாள், பிள்ளை தங்கவில்லை. தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனால் சங்கத்தைக் கேட்கச் சொன்னார். சங்கத்து டாக்டரோ, தலைமையகம் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுபடி அவர்கள் வந்தபோது எனக்கு ஐந்து மாதம். கங்காணியிடம் சொன்னேன். "பேரு லிஸ்ட்டுல இருக்கு, குடிச்சிரு" என்றார்.

தோட்டத்தில் எங்களுக்கு எதற்கும் கைநாட்டுதான். கம்பளி வாங்கினாலும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி வாங்கினாலும் பெருவிரலை வைக்க வேண்டும். என் முறை வந்ததும் கணக்கப்பிள்ளையின் மேசையிலிருந்த மைப்பெட்டியை எடுத்து, போன தடவை வந்த அதே டாக்டரிடம் நீட்டினேன்.

"ஏதாச்சும் ஆனா நான்தான் பொறுப்புன்னு கைநாட்டு வைங்க ஐயா."

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் படிச்சவன்மா, கையெழுத்தே போடுறேன்."

"கையெழுத்த எங்களுக்கு வாசிக்கத் தெரியாதுங்க. வெரலுன்னா தெரியும்."

கங்காணி கத்தினார். எனக்குப் பின்னால் நின்ற நாத்தனார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளைப் பார்த்து வரிசை முழுவதும் மூடிக்கொண்டது. எனக்கு இருந்த கொஞ்சப் பயமும் போய்விட்டது.

மைப்பெட்டிக்கு மேலே போன டாக்டரின் கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முழுகாம இருக்கியாம்மா?"

"அஞ்சு மாசங்க."

மருந்துக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் அதையே கேட்டு, இன்னும் நான்கு பேரை என்னோடு ஒதுக்கி நிறுத்தினார். லிஸ்ட்டில் மிச்சமிருந்த ஒவ்வொரு பேருக்கு நேரேயும் தன் பெருவிரலை வைத்தார். தன் பேருக்கு நேரே அந்த விரல் பதிந்த பிறகுதான் நாத்தனார் குடித்தாள்.

அந்தக் காகிதம் எந்தக் கோர்ட்டில் செல்லும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுநாள் விடிந்ததும், விரலில் மை போகாத அந்த மனிதர் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து, வாசல் வாசலாக நின்று, "ஒடம்பு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். நாத்தனார் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள்.

"போன வாட்டி வந்து கேட்டிருக்கணுங்க."